வேட்பாளரின் தொழிலும் வாக்காளரின் விருப்பமும்: ஆய்வில் இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சொந்தமாகத் தொழில் நடத்தும் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். வாக்காளர்கள் அதைத் தகுதியாகப் பார்க்கிறார்களா, சந்தேகத்தோடு பார்க்கிறார்களா? கேட்பதற்கு எளிமையான கேள்விதான். பதில் தேடப் போனால் கம்பெனிச் சட்டம், தேர்தல் சட்டம், பொருளாதாரப் புள்ளிவிவரம், கள ஆய்வு என்று நாலு வாசலிலும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாடநூல் உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் கோப்பது எப்படி என்று சொல்லித்தர ஆளில்லாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முனைவர் பட்டத்துக்கோ எம்.ஏ., எல்.எல்.எம். ஆய்வேட்டுக்கோ இதே பக்கம் வரப்போகிற உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்குத் தேவையான ஆவணங்களில் பெரும்பாலானவை இலவசம். காசு கேட்பவையும் பத்து ரூபாய், நூறு ரூபாய்க் கணக்குதான். நேரம் எங்கே போகிறது என்றால், ஓர் ஆவணத்தில் இருக்கும் ஆளும் இன்னொன்றில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்று உறுதி செய்வதில். கால அட்டவணை போடும்போது பாதியை இதற்கே ஒதுக்குங்கள். நெறியாளர் ‘இவ்வளவு எதற்கு’ என்று கேட்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலை வைத்தே எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் செய்கிறவர்களுக்கும் படிவ எண்களும் சட்டப் பிரிவுகளும் இவையேதான்.

1. கேள்வியையும் அலகையும் ஒரே தாளில் எழுதுங்கள்

‘தொழிலதிபர்களும் தேர்தலும்’ என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. எந்தத் தேர்தல், யாரை யாரோடு ஒப்பிடுகிறோம், எண்ணப்போவது வேட்பாளரையா, வாக்குச்சாவடியையா, வாக்காளரையா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதாமல் ஒரு கோப்பைக்கூடப் பதிவிறக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. சாவடிவாரி வாக்கு எண்ணிக்கையை வைத்து ‘சிறு வியாபாரிகள் இவருக்கு வாக்களித்தார்கள்’ என்று எழுதிவிடுவோம். அது தெரியவே தெரியாது. கடைத்தெரு சாவடியில் ஒருவர் அதிக வாக்கு வாங்கினால், அதைப் போட்டது கடைக்காரர்களா, கடைகளில் வேலை பார்ப்பவர்களா, மாடியில் குடியிருப்பவர்களா என்று அந்த எண் சொல்லாது. 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது. தனித்தனி ஆளாகப் பார்த்தாலோ வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவாக இருந்தது. தொகுப்பு ஒன்று சொல்ல, ஆள் வேறொன்று சொல்கிறார். வாக்காளரின் விருப்பம் பற்றிப் பேச வேண்டுமானால் வாக்காளரிடம் போய்த்தான் ஆக வேண்டும். அது எட்டாவது, ஒன்பதாவது படிகளில் வரும்.

இன்னொரு சிக்கலையும் இதே தாளில் குறித்து வையுங்கள். பணவசதி உள்ள வேட்பாளர்கள் அதிகம் ஜெயிப்பது முடிவுகளில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாக்காளர்கள் அவர்களை விரும்பினார்களா, அல்லது கட்சி ஜெயிக்கக்கூடிய தொகுதியாகப் பார்த்து அவர்களுக்குக் கொடுத்ததா? ஆவணங்களை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

2. சட்டத்தை அந்தந்த ஆண்டின் வடிவத்தில் படியுங்கள்

பொருளாதாரம் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்குவார்கள். இன்றைய சட்டப்பிரிவை எடுத்து 2011 தேர்தலுக்குப் பொருத்திவிடுவார்கள்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 182ஐப் பாருங்கள். ஒரு கம்பெனி முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரை கட்சிகளுக்கு நன்கொடை தரலாம் என்று அது சொன்னது. 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் போனது. 15 பிப்ரவரி 2024 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தோடு இந்தத் திருத்தத்தையும் செல்லாது என்றது. ஆக, கம்பெனி நன்கொடை பற்றி எழுதினால் உங்கள் காலம் மூன்று துண்டாகப் பிரியும். மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்தால் அந்த வரைபடத்துக்குப் பொருளே இல்லை.

வேட்பாளர் பிரமாணப் பத்திரமும் அப்படித்தான். வருமானம் எங்கிருந்து வருகிறது, அரசோடு ஒப்பந்தம் உண்டா என்ற விவரங்கள் 2018இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சேர்ந்தவை. ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு 2019இல் வந்தது. 2016 தேர்தலின் பிரமாணப் பத்திரத்தில் இந்தக் கட்டங்களைத் தேடினால் இருக்காது. அதை ‘வேட்பாளர் மறைத்தார்’ என்று குறித்துவிடாதீர்கள்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 9ஏ-வையும் படித்து வையுங்கள். அரசுக்குப் பொருள் தரவோ அரசு வேலையைச் செய்யவோ நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் தகுதியிழப்பார் என்பது அது. அதனால் சிலர் நிற்பதற்கு முன் ஒப்பந்தத்திலிருந்து விலகுவார்கள், வேறு சிலருக்குத் தொழில் குடும்பத்தாரின் பெயரில் இருக்கும். தொழில் பின்னணியை வேட்பாளரின் பெயரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டங்களுக்கு ‘இந்தியா கோட்’ தளமும், தீர்ப்புகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் ‘இ-எஸ்.சி.ஆர்.’ தளமும் ‘இந்தியன் கானூன்’ தளமும் போதும், மூன்றும் இலவசம். தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது நீதிமன்றமே தரும் நடுநிலை மேற்கோள் எண்ணைக் கொடுங்கள். தேர்தல் பத்திரத் தீர்ப்புக்கு அது 2024 ஐ.என்.எஸ்.சி. 113. கட்டணத் தளங்கள் தேவைப்பட்டால் அருகிலுள்ள சட்டக் கல்லூரி நூலகத்தில் துறைத்தலைவர் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். சொந்தக் காசில் சந்தா கட்ட வேண்டாம்.

3. பிரமாணப் பத்திரங்களைச் சேகரியுங்கள்

வேட்புமனுவோடு தரப்படும் சொத்து, வழக்கு, தொழில் விவரம் படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்தில் அண்மைத் தேர்தல்களுக்குக் கிடைக்கும். பழையவற்றுக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேடுங்கள். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் ‘மைநேதா’ தளத்தில் தட்டச்சு செய்த சுருக்கம் இருக்கிறது. சுருக்கத்தை வைத்து ஆரம்பியுங்கள். ஆனால் உங்கள் ஆய்வின் முக்கியமான எண் எதுவோ, அதை மூலப் பத்திரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஒருவர் ஒரே தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை போடலாம். ஒரே ஆளுக்குப் பல பத்திரங்கள் இருக்கும். கடைசித் தேதியில் உள்ளதை எடுப்பது என்று விதி வைத்துக்கொண்டு, அதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். கட்சிகள் மாற்று வேட்பாளர் ஒருவரையும் மனுப் போடச் சொல்லும். தளத்தில் ‘போட்டியிடுபவர்’ என்று வடிகட்டாமல் எடுத்தால் இவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

ஸ்கேன் செய்த பத்திரங்கள் கோணலாக, முத்திரை எழுத்தின் மேல் விழுந்து, கையால் எழுதியதாக இருக்கும். தமிழில் தட்டச்சு செய்தவற்றில் இன்னொரு தொல்லை: ‘வானவில்’ போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். நகல் எடுத்து ஒட்டினால் புரியாத குறியீடுகள்தான் வரும். யூனிகோடு மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று பெயர்களை மட்டுமாவது கண்ணால் பாருங்கள்.

பான் எண், முகவரி, குடும்பத்தாரின் பெயர்கள் எல்லாம் இந்தப் பத்திரங்களில் இருக்கும். பொது ஆவணம்தான் என்றாலும் உங்கள் தரவுக் கோப்பில் அவற்றைத் தனித் தாளில் வைத்து, கடவுச்சொல் போட்டுவிடுங்கள்.

4. கம்பெனிப் பதிவேட்டில் ஆளைத் தேடுங்கள்

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கணக்கு தொடங்குவது இலவசம். கம்பெனியின் அடிப்படை விவரங்களும் இயக்குநர் பட்டியலும் காசில்லாமல் தெரியும். ஆண்டறிக்கை, நிதிநிலை அறிக்கை போன்ற ஆவணங்களைப் பார்க்க ஒரு கம்பெனிக்கு ரூ.100 கட்ட வேண்டும். கட்டிய பிறகு குறிப்பிட்ட அவகாசத்துக்குள்தான் பார்க்க முடியும் என்பதால் நல்ல இணைப்பு இருக்கும்போது மட்டும் கட்டுங்கள். வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள். எந்த ஆண்டின் எந்தப் படிவம் வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுங்கள்: நிதிநிலைக்கு ஏ.ஓ.சி.-4, பங்குதாரர், இயக்குநர் விவரத்துக்கு எம்.ஜி.டி.-7.

இனி, நேரத்தைத் தின்னும் இடம். பிரமாணப் பத்திரத்தில் ‘சு. முருகன்’ என்று இருப்பவர் கம்பெனிப் பதிவேட்டில் ‘முருகன் சுப்பிரமணியன்’ என்றோ ‘சுப்பிரமணியன் முருகன்’ என்றோ இருப்பார். தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்லும் படிவங்களில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும். வெறும் பெயரை வைத்து ஒப்பிட்டால் ஒரே மாவட்டத்தில் பத்து முருகன்கள் வருவார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், வயது ஆகிய நான்கில் மூன்றாவது பொருந்தினால்தான் ‘ஒருவரே’ என்று குறியுங்கள். ஐயமானவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். முடிந்தால் நண்பர் ஒருவரிடம் நூறு பெயர்களைக் கொடுத்து, உங்கள் முடிவைக் காட்டாமல் அவரையும் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண் ஆய்வேட்டில் இருந்தால் மதிப்பீட்டாளர் பாதிக் கேள்விகளை விட்டுவிடுவார்.

கம்பெனிக்கான 21 எழுத்து அடையாள எண் நிரந்தரமானது என்று நினைத்துவிடாதீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டால் முதல் எழுத்து மாறும். பதிவு அலுவலகம் வேறு மாநிலத்துக்குப் போனாலும் எண் மாறும். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநரின் எட்டு இலக்க எண் அப்படி மாறாது. இணைப்புக்கு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பலரும் கோட்டை விடுவது. நம் ஊர்த் தொழில்களில் பெரும்பகுதி கம்பெனியே அல்ல. அரிசி ஆலை, பஸ், கல்குவாரி, ஜவுளிக்கடை என்று எல்லாம் தனிநபர் உரிமையிலோ கூட்டாண்மையிலோ நடக்கும். கூட்டாண்மை நிறுவனங்கள் பதிவுத்துறையின் கீழ் வருகின்றன; அமைச்சகத் தளத்தில் தேடிப் பயனில்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணை வைத்து வரிப்பதிவு உண்டா என்று இலவசமாகப் பார்க்கலாம். தனிநபர் தொழிலுக்கு இதுவே நல்ல வழி. கூட்டாண்மைக்கு நிறுவனத்தின் பெயரிலேயே தனிப் பான் இருக்கும் என்பதால் அது இப்படி அகப்படாது. கம்பெனிப் பதிவேட்டோடு நின்றுவிட்டால் உங்கள் ஆய்வில் ‘தொழிலதிபர்’ என்றால் சென்னைக்காரரும் கோவைக்காரரும் மட்டும் என்று ஆகிவிடும்.

5. வாக்கு எண்ணிக்கை: படிவம் 20

சாவடிவாரியாக யாருக்கு எவ்வளவு வாக்கு என்பது படிவம் 20இல் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிக்கு ஒரு கோப்பாகக் கிடைக்கும். தொகுதி அளவிலான முடிவு போதும் என்றால் அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் உருவாக்கிய ‘லோக் தாபா’ தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த அட்டவணை, இலவசம். சாவடி அளவு தேவையில்லாத கேள்விக்குச் சாவடி அளவில் உழைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

சாவடி அளவுதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். கொரோனா காரணமாக 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு சாவடிக்கான வாக்காளர் எண்ணிக்கையைக் குறைத்ததால் தமிழ்நாட்டில் சாவடிகள் சுமார் 88 ஆயிரமாகப் பெருகின. 2024 மக்களவைத் தேர்தலில் மறுபடி சுமார் 68 ஆயிரத்துக்கு வந்தன. 2021இன் 45ஆம் சாவடியும் 2024இன் 45ஆம் சாவடியும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ஒரு தெருவின் வாக்கை இன்னொரு தெருவின் தலையில் கட்டுவீர்கள். சாவடி அமைந்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் வாக்காளர் பட்டியலின் பாக விவரத்தில் உள்ள தெருப் பெயர்களையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். இரண்டாவது, தபால் வாக்குகள் எந்தச் சாவடியிலும் சேராது. தாளின் கடைசியில் தனி வரியாக வரும். சாவடிக் கூட்டலோடு அதைச் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். தட்டச்சில் பிழை உண்டா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் போட்டுப் பாருங்கள்.

தொகுதி மறுவரையறைக்கு முந்தைய 2006 தேர்தலையும் பிந்தைய 2011 தேர்தலையும் தொகுதிப் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒப்பிடக் கூடாது. பெயர் அதே, எல்லை வேறு.

6. பொருளாதாரத் தரவு

இதில் அதிகம் அலைய வேண்டாம். கிராம, நகர அளவிலான மக்கள்தொகை, தொழில்கள் கணக்கெடுப்புத் தரவைச் சட்டமன்றத் தொகுதியோடு ஏற்கெனவே இணைத்து ‘ஷ்ரக்’ என்ற பெயரில் இலவசமாகத் தருகிறார்கள். தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப அளவிலான தரவு புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். ஆனால் அந்த மாதிரி சட்டமன்றத் தொகுதிக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஒரு தொகுதியின் சராசரி வருமானம் என்று அதிலிருந்து எடுத்து எழுதினால் தவறு. மாவட்ட அளவில் வேலை செய்கிறவர்கள், 2011 கணக்கெடுப்பில் 32 மாவட்டங்கள், இப்போது 38 என்பதை மறக்க வேண்டாம். தென்காசிக்கான 2011 எண் திருநெல்வேலிக்குள் இருக்கிறது.

7. கிடைக்காததற்குத் தகவல் உரிமை மனு

கட்டணம் ரூ.10. பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் ஆணையத்தில் இரண்டாவது. ஆணையம் வரை போனால் உங்கள் ஆய்வுக் காலத்துக்குள் முடியும் என்று நம்ப வேண்டாம். அதனால், மனுவை முதல் மாதத்திலேயே போட்டுவிடுங்கள். ‘ஏன்’, ‘எதற்காக’ என்று கேட்காமல் ‘இந்தப் பதிவேட்டின் இந்த ஆண்டுக்கான நகல்’ என்று கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு பொருள். ஐந்து பொருளைச் சேர்த்தால் ஒன்றைச் சொல்லி முழு மனுவையும் திருப்பிவிடுவார்கள்.

8. வாக்காளரிடம் போகும் முன்: அனுமதி

பல கல்லூரிகளில் நெறிமுறைக் குழு மருத்துவ ஆய்வுக்கு மட்டும்தான் இருக்கும். ‘உங்கள் துறைக்குத் தேவையில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள், அல்லது துறை ஆய்வுக் குழுவிடம் கேள்வித்தாளையும் ஒப்புதல் படிவத்தையும் வைத்துத் தீர்மானம் வாங்குங்கள். பின்னால் இதழுக்கு அனுப்பும்போது அனுமதி எண் கேட்பார்கள். அப்போது பின்தேதியிட்டு வாங்க வழியில்லை.

கையோடு இருக்க வேண்டியவை: துறைத்தலைவர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம், களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் புகைப்பட அடையாள அட்டை, தமிழில் ஒரு பக்க ஒப்புதல் தாள். ஊராட்சித் தலைவரிடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கடித நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பதில் சொல்பவர்களுக்கு டிபன்பாக்ஸ், ரொக்கம் என்று எதுவும் தராதீர்கள். ஆய்வுக்கான அன்பளிப்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள். களப்பணியாளர் சம்பளத்தை ரொக்கமாகக் கொண்டுபோகாமல் வங்கி வழியாகவே போடுங்கள், ரூ.50,000க்கு மேல் ஆவணமில்லாத பணம் பறக்கும் படையின் கையில் சிக்கினால் உங்கள் கள வேலை அன்றோடு நின்றுவிடும். வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலில் கேள்வித்தாளோடு நிற்கவே கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, அறிவிக்கப்பட்ட காலத்தில் வாக்குக்குப் பிந்தைய கணிப்பு நடத்துவதையும் வெளியிடுவதையும் தடை செய்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நம் ஆய்வுக்குத் தேர்தல் சூடு தேவையும் இல்லை. முடிவுகள் வந்து சில மாதம் கழித்துப் போனால் மக்கள் நிதானமாகப் பேசுவார்கள். முன்பு யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஜெயித்தவர் பெயரைச் சொல்வது கூடிவிடும். அந்தப் பதிலை அப்படியே நம்ப வேண்டாம்.

9. கள ஆய்வு

நேரடியாக ‘தொழிலதிபர் நின்றால் ஓட்டுப் போடுவீர்களா’ என்று கேட்டால் பதில் வரும், பயன் வராது. கேட்பவருக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். இதற்கு நல்ல வழி, கற்பனை வேட்பாளர் இருவரை அட்டையில் காட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. ஹைன்முல்லர், ஹாப்கின்ஸ், யமாமோட்டோ மூவரும் 2014இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அரசியல் ஆய்வுகளில் இது பரவலாகிவிட்டது. வயது, படிப்பு, தொழில், கட்சி அனுபவம், வழக்கு ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி அட்டை தயாரிப்பீர்கள். எந்த வேட்பாளருக்கு எந்தத் தொழில் என்பதைக் கட்சி முடிவு செய்யவில்லை, குலுக்கல் முடிவு செய்கிறது. முதல் படியில் குறித்து வைத்த சிக்கல் இங்கேதான் தீர்கிறது.

ஐந்து பண்புகளுக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு நான்கைந்து ஜோடி போதும். அதற்கு மேல் போனால் இடது கைப் பக்க அட்டையையே தொட்டுக்கொண்டிருப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் சேர்த்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்துகொள்ளுங்கள். பத்து வீடு தாண்டினால் சாதாரணத் தாள் கிழிந்துவிடும். உண்மையான வேட்பாளர் யாரையும் நினைவூட்டும் பெயரோ படமோ இருக்கக் கூடாது. ‘கோபோ டூல்பாக்ஸ்’ செயலி இலவசம். தமிழிலும், இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

உண்மையான வாக்கையும் கேட்க வேண்டியிருந்தால், லோக்நீதி அமைப்பு தன் தேர்தல் ஆய்வுகளில் செய்வதைப் பின்பற்றுங்கள். சின்னங்கள் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, தனியே குறித்து, மடித்து, கொண்டுபோகும் பெட்டியில் போடச் சொல்வது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் வாய்விட்டுச் சொல்லாததைச் சீட்டில் குறிப்பார்.

யாரைக் கேட்பது? சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலில் சம இடைவெளியில் பெயர் எடுங்கள். தமிழ்நாட்டில் 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முந்தைய பட்டியல் கையில் இருந்தால் அதைத் தூக்கி வைத்துவிட்டுப் புதியதை இறக்குங்கள். வீடு மாறியவர்கள், வேலைக்கு வெளியூர் போனவர்கள் இருப்பார்கள் என்பதால் தேவைக்கு அதிகமாகவே பெயர் எடுத்து வையுங்கள். ஆள் இல்லையென்றால் ‘பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்’ என்ற அனுமதியைக் களப்பணியாளருக்கு ஒருபோதும் தராதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டும் உங்கள் மாதிரியாகிவிடுவார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் காலையில் போய்ப் பயனில்லை. சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரைதான் நல்ல நேரம்.

வாசலில் முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எந்த ஸ்கீமுக்கும்மா எழுதுறீங்க?” “இல்லக்கா, நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம். இதால பணமோ சலுகையோ எதுவும் வராது. நீங்க விருப்பப்பட்டா மட்டும் சொல்லுங்க” என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டு நாலு பேர் கதவைச் சாத்தினாலும் சரி. உதவித்தொகை வரும் என்று நம்பிப் பதில் சொன்னவரின் பதில் ஆய்வுக்கு உதவாது, அவரை ஏமாற்றியதும் நாம்தான் என்றாகும். ஒவ்வொரு குழுவிலும் பெண் களப்பணியாளர் கட்டாயம் வேண்டும்.

எத்தனை பேர்? 600 பேர் என்றால் பிழை எல்லை, அதாவது கிடைக்கும் எண் உண்மையிலிருந்து இரு பக்கமும் விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ நான்கு சதவீதப் புள்ளி. 1,067 என்றால் மூன்று, 2,401 என்றால் இரண்டு. ஒரே சாவடியில் பலரைக் கேட்பதால் உண்மையில் இதைவிடக் கூடும். எண்ணிக்கையை நாலு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும் என்பதால், கையில் இருக்கும் பணத்துக்கு 600 முதல் 1,000 வரை வைத்துக்கொண்டு, சாவடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சாவடிக்குக் கேட்கும் ஆட்களைக் குறையுங்கள். கேள்வித்தாள் அரை மணிக்குள் முடிந்தால் ஒருவர் ஒரு நாளில் எட்டுப் பேரைப் பார்க்கலாம். 600 பேருக்கு 75 ஆள்-நாள். ஐந்து பேர் போனால் பதினைந்து நாள். அதை வைத்து நாள் சம்பளம், பஸ், சாப்பாடு, அச்சுச் செலவைக் கணக்குப் போடுங்கள், மழைக்கும் திருவிழாவுக்கும் இன்னும் ஒரு வாரம் சேர்த்து.

சம்பளத்தை நாளுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். படிவத்துக்கு இவ்வளவு என்று பேசினால் டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் ஆசை வரும். பத்தில் ஒருவருக்கு நீங்களே போன் செய்து, ஆள் வந்தாரா, அட்டை காட்டினாரா என்று கேட்டுவிடுங்கள். இதைத் தொடக்கத்திலேயே களப்பணியாளர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

களத்துக்குப் போகும் முன், எதைச் சோதிக்கப் போகிறீர்கள், எந்தக் கணக்கில் சோதிப்பீர்கள் என்பதைத் திறந்த அறிவியல் கட்டமைப்புத் (ஓ.எஸ்.எஃப்.) தளத்தில் பதிவு செய்யுங்கள். இலவசம், தேதி முத்திரையோடு இருக்கும். ‘முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினீர்களா’ என்ற சந்தேகத்துக்கு அதுதான் பதில்.

10. எழுதி வெளியிடுதல்

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு), ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்னமும் ‘கேர் பட்டியலில் உள்ள இதழ், மூன்று நாளில் ஏற்பு, சில ஆயிரம் ரூபாய்’ என்று மின்னஞ்சல் வருகிறதென்றால் திறக்காமலே நீக்குங்கள். உங்கள் பல்கலைக்கழகம் இப்போது எந்த அளவுகோலை ஏற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் இதழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ கட்டுரை வெளியிடக் காசு கேட்பதில்லை. லோக்நீதியோடு தொடர்புடைய ‘ஸ்டடீஸ் இன் இந்தியன் பாலிடிக்ஸ்’ இந்தத் தலைப்புக்குப் பொருத்தமானது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஓராண்டு முன்பே அனுப்பிவிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் முன்வரைவை எஸ்.எஸ்.ஆர்.என். தளத்தில் போடலாம். இதழின் விதி அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 2025 ஜனவரி முதல் ஆயிரக்கணக்கான இதழ்கள் திறந்திருக்கின்றன. நூலகரிடம் உள்நுழைவு கேளுங்கள். தனியார் கல்லூரியில் இருப்பவர்கள், கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாகத் தரவு. பெயர் பொருத்திய விதிகள், குறியீட்டு ஏடு (எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்ற பட்டியல்), கணக்கிட்ட நிரல் ஆகியவற்றை ‘ஜெனோடோ’விலோ ‘டேட்டாவர்ஸ்’ தளத்திலோ இலவசமாகப் போட்டு, கிடைக்கும் நிரந்தர எண்ணை ஆய்வேட்டில் கொடுங்கள். அதற்கு முன் பான் எண், தொலைபேசி, வீட்டு எண், வாக்காளர் அட்டை எண் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். ஒரு சாவடியில் ஓரிருவர் மட்டுமே உள்ள சாதி, தொழில் விவரங்களையும் பெரிய பிரிவாகச் சேர்த்துவிடுங்கள். சின்ன ஊரில் வயதும் தொழிலும் தெரிந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.